பந்தயக் கார் கேம் ஷாப்ட் மலை ஏறுமா?

காலை 6 மணி. சிலமலை ஊருக்குள் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. ஹாரன் ஒலிக்கிறது. தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஓடி வருகிறார்கள். மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்து வைத்த பாலிதீன் தாள் ஒரு கையில் இருக்கிறது. வெற்றிலைப் பை இடுப்பில் இருக்கிறது.

ஜீப் புறப்படுகிறது. போடிநாயக்கனூர் போய், அங்கிருந்து மலை ஏற வேண்டும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத் தோட்டங்கள். அங்கே பகல் முழுவதும் காய் பறிக்க வேண்டும். மாலையில் அதே 17 வளைவுகளில் கீழே இறங்க வேண்டும்.

அந்தப் பெண்களின் உயிர் மூன்று பொருள்களிடம் இருக்கிறது. ஒன்று ஓட்டுபவரின் கை. இரண்டு பிரேக். மூன்று என்ஜின்.

அந்த என்ஜினைப் பற்றித்தான் இப்போது ஒரு புதுப் பேச்சு நடக்கிறது.

"வேகம் வேண்டும்!"

சிலமலையில் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவர் பழைய பெட்ரோல் ஜிப்சி ஒன்றை விலைக்கு வாங்குகிறார். ஏலத் தோட்டத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் எண்ணம். வண்டி மலையில் இழுக்கவில்லை. பட்டறைக்கு வருகிறார்.

"அண்ணே! மூணாவது வளைவிலேயே வண்டி முக்குது. பந்தயக் காருக்குப் போடுற கேம் ஷாப்ட் ஒன்னு விக்கிறாங்களாம். அதைப் போட்டா பறக்கும்னு சொல்றாங்க. போட்டு விடுங்கண்ணே!"

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்:

"ஏன் தம்பி, நீ பறக்கணுமா? ஏறணுமா?"

இந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கி இருக்கிறது. பறப்பது வேறு. ஏறுவது வேறு.

மடை திறப்பவன்

கேம் ஷாப்ட் என்றால் என்ன?

வயல்காட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கண்மாயில் தண்ணீர் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் போக ஒரு மடை உண்டு. மிஞ்சிய தண்ணீர் வெளியேற இன்னொரு வழி உண்டு. எந்த நேரத்தில் எதைத் திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் நீர்ப்பாய்ச்சியின் வேலை. அவன் நேரம் தவறினால் பயிர் போய்விடும்.

என்ஜினிலும் இப்படித்தான். என்ஜினுக்குள் சிலிண்டர் இருக்கிறது. அதற்கு இரண்டு மடைகள். ஒன்றின் வழியே காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மற்றொன்றின் வழியே புகை வெளியே போகிறது. இந்த மடைகளுக்குத்தான் வால்வு என்று பெயர்.

வால்வைத் திறக்கும் நீர்ப்பாய்ச்சி, கேம் ஷாப்ட். அது ஓர் இரும்புத் தண்டு. அதன் மேல் முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலும்போது புடைப்பு வந்து வால்வைத் தள்ளும். வால்வு திறக்கும். புடைப்பு விலகியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும்.

பழைய அம்பாசடர் காரில் இந்தத் தண்டு கீழே இருந்தது. அது டாப்பட்டைத் தள்ளும். டாப்பட் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். மாருதி போன்ற கார்களில் தண்டு மேலேயே இருக்கிறது. வழி குறுகியது. வேலை ஒன்றுதான்.

ஒரு வினாடியில் 25 தடவை

என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,500 தடவை திறந்து மூடுகிறது. அதாவது ஒரு வினாடியில் 25 தடவை!

கண் ஒரு தடவை இமைப்பதற்குள் வால்வு பல தடவை வேலை செய்துவிடுகிறது. சிலமலையில் புறப்பட்டு ஒரு மணி நேரம் இப்படி ஓடினால் ஒவ்வொரு வால்வும் 90,000 தடவை திறந்து மூடியிருக்கும். இப்படிப்பட்ட வேலையில் நேரம் கொஞ்சம் பிசகினாலும் என்ஜினின் குணமே மாறிவிடும்.

வால்வின் மகிமைக்கு ஜீப்பே ஒரு சாட்சி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் எல்லா வால்வுகளும் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. அதன் சக்தி 60 குதிரைசக்தி. பிறகு வந்த என்ஜினில், காற்றை உள்ளே விடும் வால்வைப் பெரிதாக்கித் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். சிலிண்டரின் அளவு மாறவில்லை. சக்தி மட்டும் 70 குதிரைசக்திக்கு மேல் உயர்ந்தது. காற்று தாராளமாக உள்ளே வந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே வால்வைச் சீர்திருத்தினால் சக்தி கூடும் என்று இளைஞர் நினைப்பதில் தவறு இல்லை. எந்த இடத்தில் கூடும் என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது.

பந்தயக்காரரின் தந்திரம்

பந்தயக் காரின் கேம் ஷாப்டில் புடைப்பு பெரிதாக இருக்கும். அதனால் வால்வு அதிகமாகத் திறக்கும். அதிக நேரமும் திறந்திருக்கும்.

கணக்குப்படி, காற்றை உறிஞ்சும் வேலை என்ஜினின் அரைச் சுற்றில், அதாவது 180 டிகிரியில், முடிய வேண்டும். சாதாரண காரில் அந்த வால்வு ஏறக்குறைய 230 முதல் 250 டிகிரி வரை திறந்திருக்கிறது. பந்தயக் கேம் ஷாப்ட் அதை 280, 300 டிகிரி வரை திறந்து வைக்கிறது.

ஏன்? வேகமாக ஓடும் என்ஜினில் காற்று பாய்ந்து வருகிறது. வாய்க்காலில் பாய்ந்து வரும் வெள்ளம் மடையை அடைக்கப் போகும் நேரத்திலும் உள்ளே புகுந்துவிடும் அல்லவா? அதேபோலத்தான். மடையைக் கொஞ்சம் தாமதமாக அடைத்தால் இன்னும் கொஞ்சம் காற்று கிடைக்கும். சக்தி கூடும்.

ஆனால் வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வந்தால்? மடையைத் தாமதமாக அடைத்தால் வயலுக்குள் போன தண்ணீரே திரும்பி வாய்க்காலுக்கு வந்துவிடும்!

என்ஜினிலும் இதுதான் நடக்கிறது. மெதுவாக ஓடும்போது பந்தயக் கேம் ஷாப்ட் தீங்கு செய்கிறது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் மேலே வந்து வெளியே தள்ளிவிடுகிறது. மேலும் புகை போகும் வால்வும் காற்று வரும் வால்வும் ஒரே நேரத்தில் அதிக நேரம் திறந்திருப்பதால் புகையும் புதுக் காற்றும் கலந்துவிடுகின்றன. என்ஜின் நின்ற இடத்தில் குலுங்குகிறது. இழுவை குறைகிறது. பெட்ரோல் வீணாகிறது.

சுருங்கச் சொன்னால், பந்தயக் கேம் ஷாப்ட் மேலே கொடுப்பதைக் கீழே பிடுங்கிக்கொள்கிறது. 5,000, 6,000 சுற்றில் அது ராஜா. 1,500 சுற்றில் அது நோயாளி.

மலைக்கு எது வேண்டும்?

கொண்டை ஊசி வளைவில் எந்த வண்டியாவது 6,000 சுற்றில் ஓடுமா? ஓடாது. முதல் கியர் அல்லது இரண்டாவது கியர். நடை வேகத்தைவிடச் சிறிது அதிகம். எதிரே லாரி வந்தால் நின்று, பாரத்தோடு மறுபடி புறப்பட வேண்டும். அங்கே வேண்டியது, குறைந்த சுற்றில் நல்ல இழுவை. உழவு மாட்டிடம் எதிர்பார்க்கும் குணம் அது. ரேக்ளா மாட்டைக் கொண்டுவந்து ஏரில் பூட்டி என்ன பயன்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகிறது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் வண்டி ஏறக்குறைய அந்த உயரம் ஏறுகிறது. ஆகையால் என்ஜின் சக்தியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மலை உச்சியில் காணாமல் போகிறது. இது இயற்கை. கேம் ஷாப்டை மாற்றி இதை மாற்ற முடியாது. சரியான கியரைப் போட்டுப் பொறுமையாக ஏறுவதுதான் இதற்கு வழி.

தோட்ட ஜீப்புகளில் பல டீசல் வண்டிகள். அவற்றுக்குப் பந்தயக் கேம் ஷாப்ட் தேடுபவர் அரிது. அங்கே வேறு ஒரு தந்திரம் நடக்கிறது. டீசல் பம்பைத் திருகி, அளவுக்கு மேல் டீசல் விடுகிறார்கள். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஏறுகிறது. வைத்தியம் வேறு. ஆசை ஒன்றுதான்.

இறங்கும்போது?

ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இறங்குவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பெட்ரோல் காரில் பிரேக் மிதிக்கும்போது காலுக்கு உதவி செய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் அது வேலை செய்கிறது. பெரிய பந்தயக் கேம் ஷாப்ட் போட்டால் என்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த வெற்றிடம் குறைகிறது. பிரேக் மிதி கடினமாகிறது.

சமவெளியில் இது ஒரு தொந்தரவு. 17 வளைவுகள் உள்ள மலையில் இது ஆபத்து. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் ஓட்டுபவரை நம்பி ஏறியிருக்கிறார்கள்.

மாட்டுவது சின்ன வேலையா?

"ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதுதானே!" என்று சிலர் சொல்வார்கள். பந்தயக் கார் வேலை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் அதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது விளங்கும்.

முதலாவது, பொருத்தம். புதிய கேம் ஷாப்ட் வால்வை அதிகமாகத் தள்ளும். பழைய ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காது. வேகத்தில் வால்வு மூடாமல் மிதக்கும். எனவே வலுவான ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிச் சுருளோடு சுருள் முட்டிவிடக் கூடாது. முட்டினால் ஏதாவது ஒன்று உடையும்.

இரண்டாவது, இடைவெளி. அதிகமாக இறங்கும் வால்வு, மேலே வரும் பிஸ்டனில் மோதக் கூடும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் மெழுகுக் களியை ஒட்டி, ஹெட்டை மாட்டி, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். பிறகு கழற்றி, களியில் வால்வு பதிந்த இடத்தின் கனத்தை அளப்பார்கள். சுமார் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து. இந்தச் சோதனையைச் செய்யாமல் சாவியைத் திருகியவர்களின் என்ஜின் ஒரே வினாடியில் நாசமாகிவிடும்.

மூன்றாவது, நேரம். சக்கரத்தில் உள்ள குறியும் தண்டில் உள்ள குறியும் சேர வேண்டும். பந்தயக்காரர்கள் குறியை மட்டும் நம்புவதில்லை. டிகிரி போட்ட வட்டத் தகட்டை மாட்டி, வால்வு எப்போது திறக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஒரு பல் தவறினால் எல்லாம் தவறு.

நான்காவது, பழக்குவது. டாப்பட் நேராக உரசும் என்ஜினில், புதிய கேம் ஷாப்டுக்குப் பழைய டாப்பட்டைப் போடவே கூடாது. பழையது தன் தேய்மானத்தைப் புதியதன் மேல் ஏற்றிவிடும். அதற்கென்று உள்ள கெட்டியான மசகைத் தடவ வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் சுமார் 2,000 சுற்றில் இருபது முப்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். அப்போது என்ஜினை மெதுவாக ஓட விட்டால் எண்ணெய் போதாமல் புடைப்பு தேய்ந்துவிடும். புத்தம் புதிய தண்டு அன்றைக்கே பழைய இரும்பாகிவிடும்!

இவ்வளவும் முடிந்த பிறகு பெட்ரோல் அளவையும் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் போட்ட பணம் புகையாகப் போகும்.

மலைச் சாலை வண்டிக்கு, அதுவும் கூலி வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு, இத்தனை பாடு எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2019ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புகைச் சோதனையும் இருக்கிறது. பெட்ரோல் காரை நின்ற இடத்தில் மெதுவாக ஓட விட்டுத்தான் சோதிக்கிறார்கள். பந்தயக் கேம் ஷாப்ட் அந்த வேகத்தில்தான் எரியாத பெட்ரோலை வெளியே தள்ளும். சோதனையில் தேறுவது கஷ்டம்.

விபத்து நடந்துவிட்டால்? வண்டியை மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்றால் நஷ்ட ஈட்டில் வில்லங்கம் வரக்கூடும். அடிபட்டவர் கூலிக்காரப் பெண் என்றால், அந்தக் குடும்பம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய முடியுமா?

கோளாறு எங்கே இருக்கிறது?

சரி, வண்டி ஏன் இழுக்கவில்லை?

பழைய வண்டியில் பெரும்பாலும் காரணம் எளியது. இருக்கிற வால்வே சரியாக மூடவில்லை!

டாப்பட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிட மிகக் குறைவு. அது குறைந்துபோனால் வால்வு முழுவதும் மூடாது. சூடான வாயு அந்தச் சந்தில் சீறி வால்வின் விளிம்பைக் கருக்கிவிடும். இடைவெளி கூடினால் "டக் டக்" என்று சத்தம் வரும். வால்வு முழுவதும் திறக்காது. இடைவெளியைச் சரிசெய்யப் பட்டறையில் ஒரு மெல்லிய தகட்டுக் கருவியும் ஒரு ஸ்பேனரும் போதும்.

வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் உள்ளே இறங்கலாம். அப்போது நீலப் புகை வரும். டைமிங் செயின் நீண்டு, மடை திறக்கும் நேரமே தள்ளிப்போயிருக்கலாம். மண் சாலைத் தூசி படிந்து காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மானி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். காய்ச்சல் கண்டவருக்கு ரத்தம் சோதிப்பது மாதிரி இது. சோதிக்காமல் மருந்து கொடுக்கலாமா?

ஹெட்டை இறக்கி, வால்வை அரைத்து, உட்காரும் இடத்தைத் திருத்தி, ஸ்பிரிங்கை மாற்றி, டாப்பட்டைச் சரிசெய்தால், வண்டி பிறந்தபோது இருந்த சக்தி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கம்பெனிக்காரர்கள் பாரம் ஏற்றிப் பல மலைகளில் ஓட்டிப் பார்த்து வடித்த கேம் ஷாப்ட் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதை வேலை செய்ய விட்டால் போதும்.

உண்மையான ஆசை

இன்னும் ஒரு கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். "சக்தி போதவில்லை" என்று சொல்லும் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்?

அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் எந்த என்ஜினும் முக்கத்தான் செய்யும். அப்போது சக்தியைக் கூட்டினால் என்ன நடக்கும்? இன்னும் இரண்டு பேரை ஏற்றுவார்கள். பிரேக் பழையது. டயர் பழையது. ஸ்டீரிங் பழையது. பாரம் மட்டும் புதியது! தோட்ட ஜீப் மலையில் கவிழ்ந்தது என்ற செய்தி பத்திரிகைகளில் எத்தனையோ தடவை வந்துவிட்டது.

இதில் ஜீப் ஓட்டுபவரை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயம் ஆகாது. தலைக்கு இவ்வளவு என்று வாடகை கிடைத்தால் அவர் தலைகளைத்தான் எண்ணுவார். வண்டிக்கு இவ்வளவு என்று நியாயமான வாடகையைத் தோட்ட முதலாளி கொடுத்தால், அளவாக ஆள் ஏற்றி நிம்மதியாக ஓட்டுவார். வாடகைக் கணக்கில் உள்ள கோளாறை இரும்புத் தண்டால் தீர்க்க முடியாது.

ஆசையை அடக்க வேண்டாம்

அப்படியானால் பந்தயக் கேம் ஷாப்ட் கெட்ட பொருளா? இல்லவே இல்லை. அதற்கு உரிய இடம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்குவதற்காகச் சென்னைக்கு அருகே சோழவரத்தில் ஓர் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு அங்கே கார் பந்தயம் நடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953ல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை 1990ல் வந்தது.

கோவையைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கினார். இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக அவை உதவின. 1995ல் அவர் மறைந்தார். அவர் பெயரில் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003ல் ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற புகழைப் பெற்றார்.

இவர்களைப் போன்றவர்களுக்கு வாய்த்தது மூடிய பாதை. எதிரே லாரி வராது. பின் சீட்டில் பயணிகள் இல்லை. தலைக்கவசம் உண்டு. டாக்டர் உண்டு. அங்கே என்ஜினை 6,000 சுற்றுக்கு மேல் ஓட்டலாம். உடைந்தால் பணம் மட்டும் நஷ்டம்.

சிலமலை இளைஞருக்கும் அந்த வித்தையைக் கற்க ஆசை இருந்தால் அதை வளர்க்க வேண்டும். என்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் பையனை "கை கருப்பாகும்" என்று விரட்டுவது தவறு. உதவாத பழைய என்ஜின் ஒன்றை மேஜை மேல் வைத்து, வால்வு நேரத்தை அளக்கக் கற்றுக்கொடுக்கலாம். கேம் ஷாப்டை நுணுக்கமாகப் புரிந்துகொண்டவன் நாளைக்கு நல்ல மெக்கானிக் ஆவான். என்ஜினீயரும் ஆகலாம்.

செய்ய வேண்டியது

போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி நடக்கிறது. பட்டறைக்காரர்களிடம் அனுபவம் இருக்கிறது. கல்லூரியில் கருவியும் படிப்பும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு நல்ல காரியம் செய்யலாம்.

ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கிறது. அதற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிகளை எல்லாம் வரவழைத்து இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். டாப்பட் இடைவெளி, சிலிண்டர் அழுத்தம், பிரேக், டயர் ஆகிய நான்கையும் பார்த்தாலே பாதி ஆபத்து தெரிந்துவிடும். குறை உள்ள வண்டிக்குத் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்து உதவலாம். காய் பறிக்க ஆள் வேண்டும் என்றால் ஆள் பத்திரமாக வந்து சேர வேண்டும் அல்லவா?

வண்டி வைத்திருப்பவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கேம் ஷாப்ட், ஸ்பிரிங், டாப்பட், கூலி என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து மலையில் இழுவையைக் குறைத்துக்கொள்வதா? அந்தப் பணத்தில் வால்வைச் சீர்செய்து, மிச்சத்தில் பிரேக்கைப் புதுப்பிப்பதா?

பெண்களும் தைரியமாகக் கேட்கலாம். "தம்பி, பிரேக் பார்த்தியா?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஏறுகிறவர் உயிர் அது. கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

மாலை நேரம். மலை மேல் மேகம் இறங்குகிறது. வளைவு வளைவாக ஜீப் கீழே வருகிறது. என்ஜின் சத்தம் சீராக இருக்கிறது. சிலமலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து ஓடுகிறார்கள். ஜீப் ஐந்து நிமிஷம் முந்தி வந்ததா, பிந்தி வந்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அம்மா இறங்குகிறாளா என்றுதான் பார்க்கிறார்கள்.